பெரிதாக்கினால் உடையும்

1

இந்தக் கதை ஒரு பேனரிலிருந்து வந்தது. மறைத்துப் பயனில்லை.

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி போகும் பேருந்து, திருமயத்தில் தேநீருக்கு நின்றது. சாலையோரம் சவுக்குக் கம்புகளில் ஒரு காதணி விழா பேனர். விழா முடிந்து நாளாகியிருக்க வேண்டும். ஓரம் கிழிந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. நடுவில் கிரீடம் வைத்த குழந்தை. சுற்றிலும் கறுப்புக் கண்ணாடி போட்ட ஆண்கள். ஒருவர் ஒட்டகத்தோடு. கீழே வலது மூலையில், அச்சடித்த கடையின் போன் நம்பருக்கு மேல், ஒரு சிறிய முகம். ஒட்டகத்தின் காதைவிடச் சிறியது. அதன் கீழே எழுதியிருந்தது: தாய்மாமன்.

தேநீர் ஆறிவிட்டது.

வெளியூர் வாசகருக்கு ஒரு விளக்கம். இந்தப் பக்கம் காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி. மாமன் சம்மணமிட்டு உட்காருவார், குழந்தையை மடியில் வைப்பார்கள், அப்புறம்தான் ஆசாரி ஊசியை எடுப்பார். பேனரிலும் குழந்தைக்கு அடுத்த பெரிய முகம் அவருடையது. அப்படிச் சட்டம் ஒன்றுமில்லை. சட்டம் இல்லாததால் யாரும் மீறுவதில்லை.

அந்த முகத்துக்கு உரியவரை எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை. விசாரித்திருந்தால் இது கட்டுரையாகியிருக்கும். கீழே வருவதெல்லாம் நான் கட்டியது. அந்த முகம் மட்டும் நான் கட்டாதது.

2

தொடக்கங்கள்.

முதலில் எழுதியது: “பூதம் காலையிலேயே பைக்கில் வந்துவிட்டது.” வாசகரை இழுக்கும். ஆனால் பூதம் யார் என்று சொல்ல இரண்டு பக்கம் ஆகும். அதற்குள் அவர் போய்விடுவார்.

இரண்டாவது: “திருமயம் கோட்டைக்குப் பின்னால் சூரியன் மெல்ல—”

நிறுத்திவிட்டேன். இந்த வட்டாரத்தில் யார் கதை எழுதினாலும் அந்தக் கோட்டை வந்து நின்றுகொள்ளும். இந்தக் கதையில் கோட்டைக்கு வேலையில்லை.

மூன்றாவது: “அமுதவல்லிக்கு ஒரு மடி தேவைப்பட்டது.”

இது நிற்கும்.

3

அமுதவல்லிக்கு ஒரு மடி தேவைப்பட்டது.

அவள் அரிமளத்தில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு பெண்கள். இளையவள் வெண்பாவுக்கு ஒன்றரை வயது. (பெயரை நான் வைக்கவில்லை, அப்பா வைத்தான். யாப்பு பற்றி எதுவும் பேசப்போவதில்லை.) ஆவணியில் வெண்பாவுக்குக் காது குத்த நாள் குறித்தாயிற்று. மடி தர வேண்டியவன் அண்ணன் சேவுகன். திருமயத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறான். அமுதவல்லியின் புருஷன் அய்யாக்கண்ணு. குவைத்தில் இருந்துவிட்டுத் திரும்பி, சொந்தமாகப் பொக்லைன் ஓட்டுகிறான். மச்சானும் மாப்பிள்ளையும் பேசிக்கொண்டு இரண்டு வருடம் ஆகிறது.

(இரண்டு ஆண்களையும் ‘அவன்’ என்றே எழுதுகிறேன். ஒருவருக்கு மரியாதை கொடுத்தால் மற்றவர் கோபித்துக்கொள்வார்.)

காரணம் பேனர். மூத்தவள் காதுகுத்துக்கு அடித்தது. அய்யாக்கண்ணுவின் குவைத் நண்பர்கள் பளிச்சென்று படம் அனுப்பியிருந்தார்கள். ஒருவர் ஒட்டகத்தோடு. மச்சான் படம் கையில் இல்லை. மச்சான் எப்போதோ தங்கையிடம் விட்டுப்போய் வீட்டில் கிடந்த பழைய பேங்க் பாஸ்புக்கிலிருந்து அய்யாக்கண்ணு போனில் ஒரு படம் பிடித்து அனுப்பினான். பேனர் கடைக்காரர், இதைப் பெரிதாக்கினால் படம் உடையும் என்றார். உடையாத அளவில் போடுங்கள் என்றான் அய்யாக்கண்ணு. கடையிலிருந்து மாதிரி போனுக்கு வந்தது. போனில் எல்லா முகமும் கடுகாகத்தான் தெரிந்தது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையைத் திருப்பி அனுப்பினான். வேலை முடிந்தது.

விழா அன்று சேவுகன் ஒரு டெம்போ நிறையச் சீரோடு வந்து இறங்கினான். பந்தல் வாசலில் பேனர். அவனுடைய கடை வாடிக்கையாளர் ஒருவர் அதைப் போனில் பிடித்து, இரண்டு விரலால் விரித்து விரித்து, இது நீங்களாண்ணே என்று கேட்டார். சேவுகன் குனிந்து பார்த்தான். அவன்தான்.

உள்ளே போனான். சம்மணமிட்டான். மடி கொடுத்தான். தோடு போட்டான். பந்தியில் கை நனைக்காமல் டெம்போவில் ஏறிப் போய்விட்டான்.

அமுதவல்லி இரண்டு பக்கமும் பேசிப் பார்த்தாள். ஒரு போட்டாவுக்கு இவ்வளவா என்றான் புருஷன். போட்டா இல்லை என்றான் அண்ணன். வேறு என்ன என்று கேட்டால் சொல்லவில்லை. மாப்பிள்ளை வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து அழைத்தால் வருவேன் என்பது மட்டும் தெரிந்தது. அழைப்பது முறைதான், ஆனால் முதலில் போவதற்கு அய்யாக்கண்ணுவுக்குக் கால் வரவில்லை. அவனுக்கு வேறு யோசனை இருந்தது. ஒன்றுவிட்ட மச்சான் ஒருத்தன் இலுப்பூரில் இருக்கிறான், அவன் மடியில் வைத்தாலும் காது குத்தும்தானே என்றான்.

“எங்கண்ணன் மடி இல்லைன்னா இவ மூளிக் காதோடயே காலேஜுக்குப் போகட்டும்” என்றாள் அமுதவல்லி.

அதன்பின் அவள் இருவரிடமும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவள் பேச்சை நிறுத்தினால் யோசிக்கிறாள் என்று பொருள். அய்யாக்கண்ணுவுக்கு அது தெரியும். பயந்துகொண்டுதான் இருந்தான்.

4

இனி கொஞ்சம் கட்டுரை. தாண்டிப் போகலாம். ஆனால் ஆறாவது பகுதியில் திரும்பி வர வேண்டியிருக்கும்.

ஆளைத் திரையில் பெரிதாகவோ சிறிதாகவோ காட்டப் பல வழிகள். குட்டையானவரை மரப்பெட்டி மேல் ஏற்றலாம். நெட்டையானவருக்குக் குழி வெட்டலாம். (அய்யாக்கண்ணுவிடம் பொக்லைன் இருக்கிறது. ஆனால் நடக்கப்போகும் இடம் பாறை.) ஒரே மாதிரி நாற்காலி இரண்டு செய்து, ஒன்றை ராட்சத அளவில் அடிக்கலாம், அதில் உட்காரும் பெரியவர் குழந்தையாகிவிடுவார். முகம் தெரியாத காட்சிக்கு வேறு உயரத்தில் வேறு ஆளை நிறுத்தி முதுகைக் காட்டலாம். இப்போது கணினி எல்லாவற்றையும் செய்கிறது.

இவற்றில் பழையது, செலவில்லாதது ஒன்று உண்டு. ஒருவரைக் கேமராவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். மற்றவரைத் தூரத்தில். நமக்கு இரண்டு கண். எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும். கேமராவுக்கு ஒற்றைக் கண். தூரத்தில் இருப்பவரைச் சின்னவர் என்று நம்பிவிடும்.

நிபந்தனைகள் உண்டு. தரை மொட்டையாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு புதர் இருந்தாலும் குட்டு வெளிப்படும். கேமரா தரையோடு ஒட்டி இருக்க வேண்டும்; அப்போதுதான் இருவர் காலும் ஒரே மட்டத்தில் தெரியும். நல்ல வெயில் வேண்டும். கடைசி நிபந்தனை: நடிப்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது. திரையில் முகத்துக்கு முகம் பேசுவது போலத் தெரிய வேண்டுமானால், தரையில் ஆளுக்கொரு வெற்றிடத்தைப் பார்த்துப் பேச வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையை எங்கோ படித்த அன்று, பேனர் மூலையில் இருந்த முகம் எனக்கு ஞாபகம் வந்தது. ஒருவரையொருவர் பார்க்க மாட்டேன் என்று ஏற்கெனவே இருப்பவர்கள் இதற்கு எவ்வளவு பொருத்தமான நடிகர்கள்.

5

ஆகவே கதைக்கு ஒரு படக்காரர் வேண்டும். அவசரத்துக்குக் கார்முகில் என்று ஒருத்தியை உண்டாக்கினேன். அமுதவல்லியோடு புதுக்கோட்டைக் கல்லூரியில் படித்தவள். கீரனூரிலிருந்து தினமும் பஸ்ஸில் திருச்சி போய், கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டும் வேலை பார்க்கிறாள். குறும்படம் எடுக்க ஆசை.

எனக்கு இவள் மேல் நம்பிக்கை வரவில்லை. கதைக்குத் தேவையான நேரத்தில் தேவையான தொழிலோடு ஒரு தோழி வருவது, மழைக்கு முன்னால் குடைக்காரர் வருவது மாதிரி. இரண்டு முறை அவளை அடித்துவிட்டேன். படம் எடுக்க ஆளில்லாமல் மச்சானும் மாப்பிள்ளையும் பாறையில் சும்மா நின்றார்கள்.

திரும்ப வைத்தேன். வசதியைக் குறைக்க அவளுக்குச் சில சங்கடங்கள் கொடுத்தேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவாள். மாதத்தில் சில நாள் கீரனூரைத் தாண்டிப் புதுக்கோட்டையில் கண் விழிப்பாள். கேமரா கிடையாது, போன்தான். வெயில் ஆகாது. வெயிலில்தான் படம் எடுக்க வேண்டும்.

இப்போது பரவாயில்லை. ஓரளவு இருக்கிறாள்.

அவள் எடுக்கும் படத்தின் கதை இது. ஒரு பூதம் தையல்காரரிடம் வந்து சட்டை தைக்கச் சொல்கிறது. தையல்காரர் அதன் சுண்டுவிரல் உயரம். அளவெடுக்க எட்டவில்லை. பழைய அளவுச் சட்டை இருந்தால் கொண்டு வாங்க என்கிறார். இதுவரை சட்டையே போட்டதில்லை என்று பூதம் அழுகிறது.

கதையைப் போனில் கேட்டபோது அமுதவல்லி ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். பூதம் நிற்க வேண்டாம். சம்மணமிட்டு உட்காரட்டும்.

ஏன் என்று கார்முகில் கேட்டாள். நின்றால் தையல்காரருக்கு இன்னும் எட்டாது பாவம் என்றாள் அமுதவல்லி.

6

திருமயத்துக்கும் அரிமளத்துக்கும் நடுவே ஒரு மொட்டைப் பாறை. ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில்.

அமுதவல்லி அண்ணனிடம் சொன்னது: “பூதம் வேசம்ண்ணே. பனமரம் ஒசரம் தெரிவ.” புருஷனிடம் சொன்னது: தையல்காரன்தான் ஹீரோ, வசனம் பூரா ஒங்களுக்குத்தான். இரண்டும் பொய்யில்லை. இன்னொரு வேடத்தில் யார் என்று இருவரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் அவளுக்கில்லை.

பாறை அடிவாரத்தில் இரண்டு பைக்குகள் எதிரெதிரே வந்து நின்றன. இரண்டும் வந்த வழியே திரும்ப முயன்றன.

கார்முகில் குடையோடு ஓடி வந்தாள். அண்ணன்மார் இருவருமே ஒருவரையொருவர் பார்க்க வேண்டியதில்லை என்றாள். பேசிக்கொள்ள வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்கவும் வேண்டியதில்லை; இரண்டு பஸ்ஸை வரிசையாக நிறுத்துகிற தூரம் நடுவில் இருக்கும். பார்த்துக்கொண்டால்தான் படம் கெட்டுவிடும்.

இரண்டு பேரும் யோசித்தார்கள். முதலில் கிளம்பிப் போனவன் தோற்றவன் ஆவான். இருவரும் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்கள்.

வேடம் போடுவது சீக்கிரம் முடிந்தது. அய்யாக்கண்ணு கழுத்தில் டேப், மூக்கில் பாதிக் கண்ணாடி. சேவுகனுக்குச் சுருட்டைமுடி டோப்பா, பெரிய மீசை. கோரைப்பல் மட்டும் வேண்டாம் என்றுவிட்டான். இதைக் கடைக்கு வருகிறவர்கள் பார்ப்பார்கள் என்றான். டோப்பாவைப் பார்க்க மாட்டார்களா என்று யாரும் கேட்கவில்லை.

கார்முகில் செங்கல்லில் போனைச் சாய்த்து வைத்தாள். எதிரே கொஞ்ச தூரத்தில் சேவுகன் சம்மணமிட்டான். அவன் பக்கத்தில் பாறையில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. தையல்காரன் அங்கேதான் நிற்கிறான், அந்தக் குறியைப் பார்த்துப் பேசுங்க என்றாள். அய்யாக்கண்ணு நடந்து நடந்து பாறையின் அந்தக் கோடிக்குப் போனான். அவனுக்குப் பாறைக்கு வெளியே, வானத்தில் ஒரு வேப்பமரத்து உச்சியைக் காட்டியிருந்தாள். அதுதான் பூதத்தின் முகம்.

ஒருவன் பேசுவது மற்றவனுக்குக் கேட்காது. ஆகவே அமுதவல்லி படத்தில் விழாமல் நடுவில் ஓரமாக நின்றாள், இடுப்பில் வெண்பா, கையில் மஞ்சள் துண்டு. அண்ணன் வசனம் முடிந்ததும் துண்டைத் தூக்குவாள், புருஷன் பேசுவான். அவன் முடித்ததும் இறக்குவாள், அண்ணன் பேசுவான். இரண்டு வருடமாகச் செய்கிற வேலைதான். துண்டு மட்டும் புதிது.

போனில் பார்த்தால் அபாரமாக இருந்தது. பாறை நிறையச் சேவுகன். அவன் முழங்கால் பக்கத்தில், விரல் அளவில், கையை ஆட்டிக்கொண்டு அய்யாக்கண்ணு.

சேவுகன்தான் சொதப்பினான். குறியைப் பார்க்காமல் கண் ஒவ்வொரு முறையும் பாறையின் கோடிக்குப் போய்விட்டது. போனில், தையல்காரன் காலடியில் நிற்க, பூதம் அடிவானத்தில் யாரையோ தேடியது.

“சாக்பீஸ் கோட்டப் பாத்து எப்புடிம்மா பேசுறது” என்றான். “அங்கிட்டு ஆளு நிக்கிது.”

(இந்த வாக்கியத்தின் மேல் ஒரு பக்கம் எழுதலாம். எழுதவில்லை.)

7

ஆடுகள் வந்தன.

எனக்குத் திடீரென்று கதை கொஞ்சம் அசைவில்லாமல் இருப்பது போலப் பட்டது. ஆகவே பிச்சை என்பவரையும் அவருடைய ஆடுகளையும் பாறை மேல் ஏற்றிவிட்டேன். அவை அய்யாக்கண்ணுவின் பின்னாலிருந்து கேமராவை நோக்கி வந்தன. கார்முகில் நிறுத்தச் சொல்லிக் கத்தினாள். பிச்சைக்குக் காது மந்தம்.

போன் எல்லாவற்றையும் பதிவு செய்தது. முதலில் ஆடு தையல்காரனின் முழங்கால் உயரம். பிறகு இடுப்பு. பிறகு தையல்காரனும் ஆடும் ஒரே உயரம். பிறகு ஆட்டின் ஒரு காது தையல்காரனை முழுக்க மறைத்தது. காது ஆடியபோது ஓரத்தில் டேப் மட்டும் தெரிந்தது.

சேவுகன் அதைத் திரும்பப் போடச் சொன்னான். மறுபடி போடச் சொன்னான். டோப்பா கழன்று விழும்வரை சிரித்தான். கார்முகிலும் சிரித்தாள். பிச்சை, எதற்கென்று தெரியாமல், அவரும்.

அமுதவல்லி சிரிக்கவில்லை. அவள் பாறையின் கோடியைப் பார்த்தாள். அங்கே நிற்பவனுக்குச் சிரிப்புச் சத்தம் மட்டும்தான் போயிருக்கும். எதற்கு என்று போயிருக்காது. அவன் இங்கே வந்து கேட்கவில்லை. குறித்த இடத்திலேயே நின்றான். ஆறடி ஆள். வாசல் நிலை இடிக்கும் என்று வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் கூனி நடப்பவன். அவன் இப்போது குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

அவளுக்கு ஐயோ என்றிருந்தது. பிறகு, இருக்கட்டும் என்றும் இருந்தது.

ஆடுகள் போனை முகர்ந்துவிட்டுப் பைகள் இருந்த பக்கம் போயின.

8

அடுத்த முறைக்கு அமுதவல்லி ஒரு யோசனை சொன்னாள். ஒத்திகைதானே, அந்தக் குறியில் வெண்பாவை உட்கார வைக்கிறேன். அண்ணன் அவளைப் பார்த்துப் பேசட்டும். பார்வை படிந்துவிட்டால் பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொள்ளலாம்.

இது அவள் வீட்டிலிருந்தே கொண்டு வந்த யோசனை. இதற்காகத்தான் பூதம் உட்கார்ந்தது.

வெண்பாவைப் பெருக்கல் குறியில் இறக்கினாள். சேவுகன் அவளை இவ்வளவு பக்கத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வெண்பா டோப்பாவைப் பார்த்தாள். மீசையைப் பார்த்தாள். அழுவதா என்று யோசிப்பது தெரிந்தது.

சேவுகன் வசனத்தைச் சொன்னான். தனக்குச் சட்டை வேண்டும் என்றான். யாரும் இதுவரை தனக்கு அளவெடுத்ததில்லை என்றான். இந்த முறை கண் எங்கும் போகவில்லை.

துண்டு தூக்க ஆளில்லை. அமுதவல்லி குழந்தைக்குப் பின்னால் இருந்தாள். ஒரு கணம் எல்லாம் நின்றது. பிறகு சேவுகன், குழந்தையிலிருந்து கண்ணை எடுக்காமல், வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினான். பாறையின் கோடியில் அய்யாக்கண்ணு அதைப் பார்த்தான். தன் வசனத்தைச் சொன்னான்.

இரண்டு வருடத்தில் ஒருவன் காட்டி ஒருவன் செய்த முதல் காரியம் அது. இருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

வெண்பா முடிவுக்கு வந்தாள். தவழ்ந்து போனாள். பூதத்தின் முழங்காலைப் பிடித்து ஏறினாள். மடியில் திரும்பி உட்கார்ந்தாள். ஒரு கையை அவன் முழங்கால் மேல் நீட்டி விரித்தாள். வீட்டில் பிஸ்கட் கேட்பது அப்படித்தான்.

“அண்ணே, அசையாத” என்றாள் அமுதவல்லி.

கார்முகில் ஒத்திகையிலும் போனை நிறுத்தவில்லை. (இது மறதியா, கெட்டிக்காரத்தனமா என்று அவளிடம் கேட்டேன். வெயிலில் ஒன்றும் புரியவில்லை என்றாள்.) போனில் தெரிந்தது இது: பாறை நிறையத் தாய்மாமன். மடியில் குழந்தை. குழந்தையின் விரித்த உள்ளங்கை மேல், கழுத்தில் டேப்போடு, அப்பா நின்றுகொண்டிருந்தான்.

9

அய்யாக்கண்ணுவைக் கையசைத்துக் கூப்பிட்டார்கள். வந்தான். வரும்போது போனில் அவன் வளர்ந்துகொண்டே வந்தான். பார்த்தது அமுதவல்லி மட்டும்.

வந்தவன் மகள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்தான். போனை வாங்கினான். கார்முகில் படத்தை நிறுத்திக் காட்டினாள். தான் எங்கே என்று கேட்டான். உள்ளங்கையைக் காட்டினாள்.

இரண்டு விரலை வைத்து விரித்தான். இன்னும் விரித்தான். முகம் வரவில்லை. கட்டம் கட்டமாக ஏதோ வந்தது.

“பெருசு பண்ணா ஒடையுதே” என்றான், யாரிடமும் இல்லாமல்.

“ஒடையும் மாப்ள” என்றான் சேவுகன். “கடக்காரன் அன்னைக்கே சொன்னானாம்ல.”

அமுதவல்லி துண்டை வாயில் வைத்துக் கடித்தாள்.

அய்யாக்கண்ணு போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “பாஸ்புக் போட்டா அப்புடித்தான் ஒடையும்” என்றான். “நல்ல போட்டாவா ஒன்னு குடுத்திருக்கணும் மச்சான்.”

“கேட்டீங்களா?”

அதுதான். இரண்டு வருடமாகத் தங்கை கேட்டும் சொல்லாதது. பேனரில் முகத்தின் அளவு அல்ல காரணம். ஒரு படம் கொடுங்க மச்சான் என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. பீரோ இடுக்கில் கிடந்த பாஸ்புக் போதும் என்று இருந்துவிட்டார்கள்.

சேவுகன் எழுந்து போக முடியாது. மடியில் வெண்பா, மீசையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அய்யாக்கண்ணு நின்றிருந்ததால் சேவுகன் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. அய்யாக்கண்ணு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தான். இருவர் முகமும் ஒரே மட்டத்துக்கு வந்தன.

வாயைத் திறந்தான். பிறகு மனைவியைப் பார்த்தான்.

அமுதவல்லிக்குப் புரிந்தது. மச்சானை வெறுங்கையோடு அழைக்க முடியாது. அவள் அதையும் யோசித்திருந்தாள். அரிமளம் கடையில் வாங்கிய ஒரு கவுளி வெற்றிலையும் பாக்கும் காலையிலிருந்து மஞ்சப்பையில் இருக்கின்றன. ஓடினாள். பைக்குள் கையை விட்டாள்.

நாலு கொட்டைப்பாக்கு. கொஞ்சம் காம்பு.

பாறையின் அந்தப் பக்கம் பிச்சையின் ஆடுகள் அசை போட்டபடி இறங்கிக்கொண்டிருந்தன.

10

ஆடுகளை நான் வேடிக்கைக்காகத்தான் விட்டேன். அவை வெற்றிலையைத் தின்னும் என்று நினைக்கவில்லை. இப்போது கையில் நாலு பாக்கோடு அமுதவல்லி நிற்கிறாள். கதை முடிய வேண்டிய இடம் இது.

எழுதி வைத்திருக்கும் முடிவுகள்:

அ) புளியமரத்துப் பின்னால் அமுதவல்லி ஒரு ஆசாரியை ஆட்டோவில் உட்கார வைத்திருந்தாள். மடியில் குழந்தை இருக்கும்போதே—

அடித்துவிட்டேன். சீர் இல்லாமல், பந்தி இல்லாமல், டோப்பா வைத்த மாமன் மடியில் அவள் பெண்ணுக்குக் காது குத்த மாட்டாள். அவளுக்குத் தேவை திருட்டுத்தனமான மடி இல்லை.

ஆ) “என்னை மன்னித்துவிடுங்கள், மச்சான்” என்றான் அய்யாக்கண்ணு.

எழுதியதும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். இந்த மாவட்டத்தில் எந்த மாப்பிள்ளையும் எந்த மச்சானிடமும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவனும் சொல்ல மறுத்துவிட்டான்.

இ) அய்யாக்கண்ணு மனைவியின் கையிலிருந்து பாக்கை வாங்கினான். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். மச்சான் முன்னால் நீட்டினான்.

“ஆவணில கடைய ஒரு நா அடைக்க முடியுமா?” என்றான்.

ஆவணி கல்யாண மாதம். பாத்திரக்கடைக்கு வருடத்தில் பெரிய வியாபாரம் அப்போதுதான். அழைப்பு என்று எதையும் சொல்லாமல், அவனுடைய கடையை ஞாபகம் வைத்துக் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. இதையே வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் சேவுகன் பதில் சொல்லவில்லை. அவன் சொல்லக்கூடியவை என்று இரண்டு எழுதினேன். ஒன்று: “பாப்போம்.” இன்னொன்று: “வெத்தலையோட வீட்டுக்கு வாங்க மாப்ள, பேசிக்கிருவோம்.” முதலாவது சம்மதம் மாதிரி இருக்கும், இல்லை. இரண்டாவது மறுப்பு மாதிரி இருக்கும், இல்லை. எது அவன் குரல் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் இரண்டு பஸ் தூரத்தில் நிற்கிறேன்.

அமுதவல்லி சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது. போனைக் கார்முகிலிடமிருந்து வாங்கி, அந்தப் படத்தை இருவருக்கும் நடுவில் நீட்டினாள்.

“பேனருக்கு இதத்தான் குடுக்கப் போறேன்” என்றாள். “யாரு பெருசு, யாரு சிறுசுன்னு ஊர் பாத்துக்கிரட்டும்.”

இரண்டு ஆண்களும் முதன்முறையாக ஒரே முகத்தோடு அவளைப் பார்த்தார்கள்.

11

இதை எழுதி முடிக்காமல் வைத்திருந்தபோது மறுபடி அதே சாலையில் போக நேர்ந்தது. இந்த முறை காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டைக்கு. ஆவணி பிறந்துவிட்டது.

திருமயத்தில் பேருந்து நின்றது. அதே சவுக்குக் கம்புகள். பேனர் புதியது, ஓரம் கிழியவில்லை. ஆனால் அது புதுக்கோட்டையிலிருந்து வருபவர்களைப் பார்த்துக் கட்டப்பட்டிருந்தது. என் ஜன்னலுக்குக் கிடைத்தது அதன் முதுகு.

வெள்ளை முதுகு. எதிர்ப்பக்கம் வெயில் விழுந்ததால் சாயம் கொஞ்சம் இந்தப் பக்கம் கசிந்து தெரிந்தது. நடுவில் பெரிதாக ஒரு உருவம். உட்கார்ந்திருக்கிறதா, நிற்கிறதா என்று சொல்ல முடியாது. அதன் கீழே ஓரத்தில் சின்னதாக ஏதோ இருந்தது. ஒரு ஆளாக இருக்கலாம். கடைக்காரரின் போன் நம்பராகவும் இருக்கலாம்.

இறங்கிச் சுற்றிப் போய்ப் பார்த்திருக்கலாம். நடத்துனர் விசில் கொடுத்துவிட்டார். கொடுக்காவிட்டாலும் இறங்கியிருக்க மாட்டேன்.

நீங்கள் போங்கள். புதுக்கோட்டையில் ஏறி, இடது பக்க ஜன்னலில் உட்காருங்கள். திருமயத்தில் தேநீருக்கு நிற்கும்.